விடுப்பில் வரும் பட்டாளத்துக்காரரும் வண்டிச் சாவியும்

ஜம்முவிலோ பதான்கோட்டிலோ ரயிலேறி, இரண்டு மூன்று இரவுகளைப் பெட்டியில் அரைத்தூக்கத்தில் கழித்துவிட்டு, காட்பாடியிலோ திருநெல்வேலியிலோ இறங்கும் படைவீரருக்காக ஊரில் பல பேர் காத்திருக்கிறார்கள். அம்மா சமைத்து வைத்திருப்பார். பிள்ளை வாசலில் நிற்கும். நண்பர்கள் மாலையிலேயே கைப்பேசியில் அழைக்கத் தொடங்கிவிடுவார்கள். பத்து மாதமாகக் கொட்டகையில் தூசி படிந்து நின்ற மோட்டார் சைக்கிள், பேட்டரி ஏற்றப்பட்டுத் துடைக்கப்பட்டுத் தயாராக நிற்கும். இந்த மகிழ்ச்சியான காட்சிக்குள்தான் ஆபத்தும் சேர்ந்து நிற்கிறது. எல்லையில் குண்டுக்குத் தப்பி வந்தவர் தன் ஊர்ச் சாலையின் வளைவில், தன் வண்டியில், தன் வீட்டுக்கு இரண்டு கிலோமீட்டர் தொலைவில் இறந்துபோனார் என்ற செய்தியைவிட ஒரு குடும்பத்துக்குத் தாங்க முடியாதது வேறில்லை. அப்படி ஒரு செய்தி வராமல் இருக்க என்ன செய்யலாம் என்பதை, இந்திய ராணுவத்தில் பணிபுரிவோருக்கும், அவர்களுடைய வீட்டாருக்கும், நண்பர்களுக்கும், படைப்பிரிவில் அவர்களுக்குப் பொறுப்பாக இருக்கும் மூத்தவர்களுக்கும் சொல்வதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

முகாமுக்குள் இருக்கும்போது படைவீரரைச் சுற்றி ஒரு வேலி இருக்கிறது. மாலையில் ரோல் கால் உண்டு. வாசலில் காவல் உண்டு. வெளியே போக அவுட் பாஸ் வேண்டும். பெரும்பாலான ஜவான்களிடம் அங்கே சொந்த வண்டியே இருப்பதில்லை. பாராகானா விருந்தில் குடித்தாலும் படுக்கை நடந்துபோகும் தூரத்தில்தான் இருக்கும். ஊருக்கு வந்ததும் இவை அனைத்தும் ஒரே நாளில் இல்லாமல் போகின்றன. ஆண்டுக்கு 60 நாள் வருடாந்திர விடுப்பு, 30 நாள் தற்செயல் விடுப்பு என்று கிடைக்கும் நாட்களில் அவருக்கு ‘வேண்டாம்’ என்று சொல்லும் இடத்தில் யாரும் இல்லை. வீட்டார் சொல்லத் தயங்குவார்கள், ஏனென்றால் அவர் பத்து மாதம் கழித்து வந்திருக்கிறார். நண்பர்கள் சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் பாட்டில் அவருடையது. ஆகவே, பிரிவில் அடுத்தவர்கள் போட்டுவைத்த வேலியை ஊரில் அவரே முன்கூட்டிப் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதற்கு ஒரே ஒரு நேரம்தான் உண்டு: முதல் கிளாஸைக் கையில் எடுப்பதற்கு முன்பு. இரண்டாவது கிளாஸுக்குப் பிறகு தன்னால் ஓட்ட முடியுமா என்று முடிவு செய்யும் மூளையே மதுவில் நனைந்திருக்கும் என்பதால், அப்போது எடுக்கும் முடிவு எதுவும் முடிவே ஆகாது.

கட்டிங், குவார்ட்டர், மணிக்கணக்கு

“எனக்கு ரெண்டு பெக் ஒண்ணும் பண்ணாது” என்பது நாம் அடிக்கடி கேட்கும் பேச்சு. நன்றாகப் பழகிய உடம்பு தள்ளாடாமல் நிற்கும், நாக்குக் குழறாமல் பேசும் என்பது உண்மைதான். ஆனால் சட்டம் தள்ளாட்டத்தை அளப்பதில்லை; இரத்தத்தை அளக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆம் பிரிவு, 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம் என்கிறது. இந்த 30 எவ்வளவு குறைவான அளவு என்பது கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

நம் நாட்டு ரம், பிராந்தி, விஸ்கி ஆகியவற்றில் பொதுவாக 42.8 சதவீதம் ஆல்கஹால் இருக்கிறது. அப்படியானால் 60 மில்லி கொண்ட ஒரு லார்ஜ் பெக்கில் ஏறத்தாழ 20 கிராம் தூய ஆல்கஹால் உள்ளது. 70 கிலோ எடையுள்ள ஓர் ஆண் அதை வெறும் வயிற்றில் விரைவாகக் குடித்தால், இரத்தத்தில் தோராயமாக 40 மில்லிகிராமுக்குச் சற்று மேலே போகும். ஒரே பெக்கில் சட்டத்தின் வரம்பைத் தாண்டிவிடலாம். 90 மில்லி கட்டிங் என்றால் 60-ஐத் தாண்டும். 8 சதவீத ஸ்ட்ராங் பீர் ஒரு பெரிய பாட்டில் 80-ஐத் தாண்டும். “பீர்தானே” என்று சொல்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 180 மில்லி குவார்ட்டர் 120-க்கு மேலும், 375 மில்லி ஆஃப் 260-க்கு மேலும் கொண்டுபோகும். மெலிந்தவர்களுக்கு இதைவிடக் கூடும்; பெண்களின் உடலில் நீரின் பங்கு குறைவு என்பதால் அதே எடையுள்ள பெண் படைவீரருக்கும் கூடும். சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் உச்சம் சற்றுக் குறைந்து தாமதமாக வரும். இது தோராயக் கணக்கு என்பதால், வரம்புக்கு உள்ளேயே குடித்துவிட்டு ஓட்டலாம் என்று திட்டமிட யாரும் இதைப் பயன்படுத்தக் கூடாது. அப்படித் திட்டமிட இடமே இல்லை என்பதைக் காட்டத்தான் இதைச் சொல்கிறேன்.

ஏறியதைவிட இறங்குவது மிக மெதுவாக நடக்கும். கல்லீரல் மணிக்குச் சராசரியாக, 100 மில்லி இரத்தத்துக்கு 15 மில்லிகிராம் என்ற அளவில்தான் ஆல்கஹாலைக் கரைக்கிறது. கறுப்புக் காப்பி, எலுமிச்சைச் சாறு, மோர், தலைக்குக் குளியல், வாந்தி எதுவும் அந்த வேகத்தைக் கூட்டாது. காப்பி குடித்தவர் தூக்கம் கலைந்த போதையாளராக இருப்பார், அவ்வளவுதான். இரவு 11 மணிக்கு ஒரு குவார்ட்டரை முடித்தவர் அதிகாலை 5 மணிக்கு எழுந்து, ரயிலைப் பிடிக்கவோ கோயிலுக்குப் போகவோ வண்டியை எடுத்தால், அப்போதும் அவருடைய இரத்தத்தில் சட்ட வரம்புக்கு மேல் இருக்க வாய்ப்புண்டு. ஆஃப் குடித்தவருக்கு மறுநாள் பிற்பகல் வரை வண்டி ஆகாது. குடித்த இரவைப் பற்றி மட்டும் எச்சரிக்கும் அறிவுரைகள் இந்த மறுநாள் காலையை விட்டுவிடுகின்றன. பட்டாளத்துக்காரரின் வாழ்க்கையில் அது முக்கியமான காலை, ஏனென்றால் விடுப்பு முடிந்து கிளம்பும் நாளுக்கு முந்தைய இரவில்தான் வழியனுப்பு விருந்து நடக்கிறது.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தொடர்ந்து 17 மணி நேரம் தூங்காமல் இருந்தவரின் கவனமும் கைவேகமும், 100 மில்லி இரத்தத்தில் 50 மில்லிகிராம் ஆல்கஹால் உள்ளவரின் நிலைக்கு இறங்கிவிடுகின்றன என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நீண்ட ரயில் பயணத்தில் வந்திறங்கிய அன்றே குடிப்பவர் இரண்டு போதைகளை ஒன்றாகச் சுமக்கிறார். ஊருக்கு வந்த முதல் இரவு தூங்குவதற்கானது என்று ஒரு வழக்கத்தை வீட்டிலேயே ஏற்படுத்திக்கொண்டால் பாதி ஆபத்து குறையும்.

முதல் கிளாஸுக்கு முன்பு

நடைமுறை எளிது, அதைக் கடைப்பிடிக்கும் ஒழுங்குதான் கடினம். குடிக்கும் இடத்துக்கு வண்டியில் போகாமல் இருப்பது முதல் வழி. தோப்பு, பம்புசெட், நண்பர் வீட்டு மொட்டை மாடி, மண்டபத்துப் பின்புறம் என்று எங்கே கூடுவதானாலும், நடந்தோ பேருந்திலோ ஆட்டோவிலோ போனவரிடம் திரும்பும்போது ஓட்டுவதற்கு வண்டி இருக்காது. “போகும்போது நிதானமாகத்தானே போகிறேன்” என்று வண்டியில் போகும்போதே திரும்பும் பயணம் முடிவாகிவிடுகிறது என்பதைப் பலர் உணர்வதில்லை.

வண்டியில் போயே ஆக வேண்டும் என்றால், சாவியை முதல் கிளாஸுக்கு முன்பு ஒருவரிடம் கொடுத்துவிட வேண்டும். யாரிடம் கொடுப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ‘குறைவாகக் குடிப்பவர்’ அதற்குத் தகுதியானவர் இல்லை. அன்று ஒரு சொட்டும் தொடாதவரே தகுதியானவர். கூட்டத்தில் வயதில் சிறியவரிடம் கொடுத்தாலும் பயனில்லை, ஏனென்றால் இரவு 11 மணிக்கு “டேய், சாவியக் கொடுடா” என்று அண்ணன் அதட்டினால் அவர் கொடுத்துவிடுவார். மறுத்துப் பேசும் உரிமையுள்ள ஒருவரிடம், ஒரு மாமாவிடம், மூத்த அண்ணனிடம், அந்த வீட்டு அம்மாவிடம் கொடுப்பதே பாதுகாப்பு. கொடுக்கும்போதே, “நாளைக்கு மத்தியானம் வரைக்கும் நான் கேட்டாலும் குடுக்காதீங்க” என்று எல்லார் காதிலும் விழச் சொல்லிவிட வேண்டும். நிதானத்தில் சொன்ன அந்தச் சொல்தான் பின்னால் மறுப்பவருக்குத் துணை நிற்கும்.

பெருநகரத்தில் செயலியைத் தட்டினால் வண்டி வரும். நம் படைவீரர்களில் பெரும்பாலோர் கிராமத்தினர். இரவு ஒன்பது மணிக்கு மேல் அங்கே கடைசிப் பேருந்தும் போயிருக்கும். அதனால் விடுப்பின் முதல் நாளிலேயே ஊரில் ஆட்டோ ஓட்டும் ஒருவரிடம் பேசி, எண்ணைக் குறித்துக்கொண்டு, இரவு அழைத்தால் வந்து ஏற்றிக்கொண்டு போக வேண்டும் என்று ஏற்பாடு செய்துகொள்வது நல்லது. முடிந்தால் சிறு தொகையை முன்பணமாகவே கொடுத்து வைக்கலாம். பல மாதச் சம்பளத்தைச் சேமித்து வருபவருக்கு நானூறு ஐந்நூறு ரூபாய் ஆட்டோ கூலி பெரிதில்லை. குடித்த இடத்திலேயே ஒரு பாயை விரித்துப் படுத்துவிட்டு மறுநாள் வீட்டுக்குப் போவதும் மதிக்கத்தக்க முடிவுதான். அதற்கு வீட்டில் திட்டு விழாது என்ற உறுதி அவருக்கு முன்பே கிடைத்திருக்க வேண்டும். இரவு எவ்வளவு நேரமானாலும் வீடு வந்து சேரச் சொல்லி வற்புறுத்துவதும் சில நேரம் ஒருவரை வண்டியில் ஏற்றிவிடுகிறது.

திருவிழா இரவுகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். கோயில் கொடை, பங்குனி உத்திரம், பொங்கல் விளையாட்டு, மஞ்சுவிரட்டு நடக்கும் நாட்களுக்கென்றே பலர் விடுப்பை ஒதுக்கி வைக்கிறார்கள். ஊர் முழுவதும் விழித்திருக்கும், பக்கத்து ஊர்களுக்கும் போய்வர வேண்டியிருக்கும், சாலையில் நடந்துபோகும் பெண்களும் பிள்ளைகளும் வழக்கத்தைவிட அதிகமாக இருப்பார்கள். அந்த நாட்களில் வண்டியை முற்றிலும் தொடாமல் இருப்பது என்று முடிவெடுப்பதே சரி. நம் நாட்டுச் சாலைகளில் உயிரிழப்போரில் மிகப் பெரிய பங்கு இருசக்கர வண்டிகளில் செல்வோர்தான் என்பதை ஒவ்வோர் ஆண்டும் அரசின் புள்ளிவிவரங்கள் சொல்கின்றன. இரண்டு சக்கரத்தில் சமநிலை போனால் தாங்கிப் பிடிக்க எதுவும் இல்லை.

வீட்டாரும் நண்பர்களும்

குடித்திருப்பவரிடம் வாதாடி வென்றவர் யாரும் இல்லை. அவர் சத்தம் போடுவார், “என்னை என்ன குழந்தைன்னு நினைச்சியா” என்பார், “மைனஸ் முப்பது டிகிரியில வண்டி ஓட்டினவன்டா நான்” என்பார். அந்தப் பெருமிதம் உண்மையானது. அவர் அதைச் செய்திருக்கலாம். அதனால் அதை மறுக்காமல், பேச்சை அவருடைய திறமையிலிருந்து விலக்கிக் கொண்டுபோவது நல்லது. “மாப்ள, வண்டி இங்கேயே நிக்கட்டும். காலைல நானே கொண்டாந்து விடுறேன். வா, பேசிக்கிட்டே நடப்போம்” என்று சொல்லும் நண்பர் எதையும் குறை சொல்லவில்லை, கூடவே ஒரு வழியையும் காட்டிவிட்டார். மனைவி, “ஏங்க, சாவி என்கிட்டயே இருக்கட்டும், புள்ள தூங்கிட்டான், சத்தம் வேணாம்” என்று மெல்லச் சொன்னால் பெரும்பாலும் பேச்சு அங்கேயே முடியும். கோபக்காரராக இருந்தால் சாவியைக் கேட்காமலே எடுத்து வைத்துவிட வேண்டும். காரின் இரண்டாவது சாவி எங்கே இருக்கிறது என்பதையும் வீட்டார் அறிந்திருக்க வேண்டும். கைநீட்டும் நிலைக்குப் போனால் ஒரு பெண்ணோ முதியவரோ தனியாகத் தடுக்க முயலக் கூடாது. அக்கம்பக்கத்து ஆண்களை அழைக்கலாம், அவர் ஏற்கெனவே சாலையில் இறங்கிவிட்டால் காவல் துறையை 100-லோ 112-லோ அழைக்கலாம். தன் கணவரைக் காட்டிக்கொடுத்ததாக எண்ணி ஒரு மனைவி வருந்த வேண்டியதில்லை. அந்த அழைப்பு அவரையும், அந்தச் சாலையில் எதிரே வருகிற முன்பின் தெரியாத ஒருவரையும் காப்பாற்றுகிறது.

சொல்லத் தயங்கினாலும் சொல்லியாக வேண்டிய ஒன்று, ராணுவக் கேண்டீன் பாட்டிலைப் பற்றியது. கோட்டாவில் குறைந்த விலைக்குக் கிடைக்கும் ரம் பாட்டிலை உறவினர்களும் நண்பர்களும் உரிமையாகவே கேட்கிறார்கள். ‘மிலிட்டரி சரக்கு’ வாங்கித் தராதவர் கஞ்சனென்றும் பேர் எடுப்பார். இதனால் குடிக்க விரும்பாத படைவீரரும்கூட ஒரு குடிக்கூட்டத்தின் நடுவில், அதுவும் விருந்து கொடுப்பவராக உட்கார வைக்கப்படுகிறார். நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழ்நாடு அரசுக்கு எதிராக வழக்கறிஞர் கே. பாலு நடத்திய வழக்கும் அதற்குள் அடக்கம். பின்னாளில் அந்தத் தீர்ப்பில் தளர்வுகள் வந்தன என்பது வேறு. ஆனால் வீட்டு அலமாரியிலிருந்து புறப்படும் பாட்டிலை எந்தத் தூரக் கணக்கும் தடுக்காது. பட்டாளத்துக்காரரைப் பார்க்க வருகிறவர்கள் பாட்டில் கேட்காமல் வந்தால், அதுவே அவருக்கு அவர்கள் செய்யும் பெரிய நன்மை. அவரும், “இந்த தடவ வாங்கல மாமா” என்று ஒரே முறை உறுதியாகச் சொல்லிவிட்டால் அடுத்த ஆண்டு கேட்பவர்கள் குறைவார்கள்.

மது ஊற்றிக் கொடுத்து, சாவியையும் எடுத்துக் கொடுப்பவருக்குச் சட்டத்திலும் பொறுப்பு இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 188-ஆம் பிரிவு, குடித்துவிட்டு ஓட்டுவதற்குத் துணைபோகிறவருக்கும் அதே குற்றத்துக்கான தண்டனை உண்டு என்கிறது. பின்னால் உட்கார்ந்து வருகிறவர் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பிடிபட்டால் என்ன ஆகும்

2019 செப்டம்பர் முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, முதல் முறை குற்றத்துக்கு 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம்; மறுபடியும் செய்தால் 15,000 ரூபாய் அபராதமோ இரண்டு ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ. ஓட்டுநர் உரிமம் நிறுத்திவைக்கப்படலாம். விபத்தில் ஒருவர் இறந்தால், குடித்து ஓட்டியவர் மீது வெறும் கவனக்குறைவு வழக்குடன் நில்லாமல், கொலையாகாத மரணம் விளைவித்த குற்றத்துக்கும் வழக்குத் தொடர நீதிமன்றங்கள் இடம் கொடுத்திருக்கின்றன. காப்பீட்டு நிறுவனம் அவருடைய வண்டிச் சேதத்துக்குப் பணம் தராது. எதிர்த்தரப்புக்குக் கொடுத்த இழப்பீட்டையும் அவரிடமிருந்தே திரும்பக் கேட்கக்கூடும்.

படைவீரருக்கு இதோடு முடிவதில்லை. 1950-ஆம் ஆண்டின் ராணுவச் சட்டம், 48-ஆம் பிரிவில், பணியில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் போதையில் காணப்படுவதையே குற்றமாக வைத்திருக்கிறது. அதிகாரியாக இருந்தால் பதவி பறிக்கப்படும் வரை போகலாம். மற்றவர்களுக்கு இரண்டு ஆண்டு வரையும், பணியில் இல்லாத நேரமென்றால் ஆறு மாதம் வரையும் சிறை விதிக்க இடமிருக்கிறது. நடைமுறையில் எல்லாரும் அஞ்சுவது ரெட் இங்க் என்ட்ரியைத்தான். நடத்தைப் பதிவேட்டில் விழும் அந்தச் சிவப்பு மை, நாயக்காகவோ ஹவில்தாராகவோ பதவி உயர வேண்டிய நேரத்தில் குறுக்கே வந்து நிற்கும். நான்கு சேர்ந்தால் பணியிலிருந்தே விடுவிப்பது பற்றிப் பரிசீலிக்கப்படும். விடுப்பில், பணியோடு தொடர்பில்லாத நேரத்தில், தன் போதையால் ஏற்பட்ட காயத்தைப் பணியால் ஏற்பட்டதென்று நிறுவி ஊனமுற்றோர் ஓய்வூதியம் பெறுவதும் மிகக் கடினம். பதினைந்து ஆண்டுச் சேவையின் பலனை ஒரே இரவு தின்றுவிடலாம் என்பதைப் படைவீரரின் மனைவியும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

சோதனைச் சாவடியில் நிறுத்தப்பட்டால் வண்டியைத் திருப்பிக்கொண்டு ஓட முயல்வதுதான் எல்லாவற்றிலும் மோசமானது. பல மரணங்கள் அந்த ஓட்டத்தில்தான் நிகழ்கின்றன. நின்று, எஞ்சினை அணைத்து, கருவியில் ஊதிவிட வேண்டும். ஊத மறுப்பதால் தப்ப முடியாது; காரணமின்றி மறுப்பதையே நீதிமன்றம் அவருக்கு எதிரான சான்றாகக் கொள்ளலாம் என்று சட்டம் சொல்கிறது, கைது செய்யவும் காவலருக்கு அதிகாரம் உண்டு. அடையாள அட்டையை நீட்டி, “நான் ஆர்மி, சார்” என்று விட்டுவிடச் சொல்வது சீருடைக்கு மரியாதை சேர்க்காது. அவரை அன்று விட்டுவிடும் காவலர் அவருக்கு நன்மை செய்ததாகவும் நான் நினைக்கவில்லை.

பிரிவில் செய்ய வேண்டியவை

விடுப்புக்குக் கிளம்பும் முன் படைவீரரின் கம்பெனியில் (படைப்பிரிவின் உட்பிரிவில்) நடக்கும் நேர்காணல் பல இடங்களில் சடங்காகிவிடுகிறது. “குடிக்காதே, சண்டை போடாதே, நேரத்துக்குத் திரும்பி வா” என்று மூன்று வாக்கியத்தில் அது முடிந்துவிடும். அதே ஐந்து நிமிடத்தில் சுபேதார் சாகேப் வேறு மாதிரி கேட்கலாம்: ஊரில் என்ன வண்டி இருக்கிறது? உரிமமும் காப்பீடும் நடப்பில் உள்ளனவா? ஹெல்மெட் இருக்கிறதா? ரயில் நிலையத்திலிருந்து வீட்டுக்கு எப்படிப் போவாய்? கல்யாணத்துக்குப் போகிறாயா, அங்கே குடித்தால் யார் ஓட்டுவார்? இந்தக் கேள்விகளுக்கு வாயால் பதில் சொன்னவர் ஒரு திட்டத்தோடு கிளம்புகிறார். பொதுவான அறிவுரையைவிடத் தானே சொன்ன பதில் நெடுநாள் நினைவில் நிற்கும்.

அமெரிக்க விமானப்படையின் அனுபவம் இங்கே பார்க்கத்தக்கது. வயோமிங் மாநிலத்தின் எஃப்.இ. வாரன் தளத்தில் 2000-களின் நடுவில் ‘0-0-1-3’ என்ற விதியைக் கொண்டுவந்தார்கள். வயது வராதவர்கள் குடிப்பது பூஜ்யம், குடித்து ஓட்டுவது பூஜ்யம், ஒரு மணி நேரத்துக்கு ஒரு கிளாஸ், ஓர் இரவுக்கு மூன்று கிளாஸ் என்பது அதன் பொருள். நினைவில் வைக்க எளிது என்பதால் வேறு தளங்களுக்கும் பரவியது. ஆனால் அதை அப்படியே நம் பிரிவுகளுக்குக் கொண்டுவருவது ஆபத்து என்பது என் கருத்து. அவர்களுடைய ‘ஒரு கிளாஸ்’ 14 கிராம் ஆல்கஹால். நம் லார்ஜ் பெக் 20 கிராம். அவர்களுடைய பெரும்பாலான மாநிலங்களில் வரம்பு 80 மில்லிகிராம், நமக்கு 30. அவர்களுடைய அளவிலேயே மூன்று மணி நேரத்தில் மூன்று கிளாஸ் குடித்தாலும், 70 கிலோ எடையுள்ளவர் நம் சட்டத்தின் வரம்பைத் தாண்டித்தான் இருப்பார். ஆகவே அந்த விதியின் பின்பாதியை விட்டுவிட்டு, இரண்டாவது பூஜ்யத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

அதே நாட்டின் தளங்களில் இன்னொரு நல்ல வழக்கம் உண்டு. தன்னார்வமாக முன்வரும் வீரர்கள் வார இறுதி இரவுகளில் முறைபோட்டு விழித்திருந்து, குடித்துவிட்டு அழைப்பவரை வீட்டில் கொண்டுபோய் விடுகிறார்கள். அழைத்தவரின் பெயர் மேலதிகாரிக்குப் போவதில்லை. இதை நம் கன்டோன்மென்ட்களில், குடும்பக் குடியிருப்பில் வசிப்பவர்களுக்காகவும் சொந்த வண்டி வைத்திருப்பவர்களுக்காகவும் நிச்சயம் செய்யலாம். மெஸ்ஸில் விருந்து நடக்கும் இரவில் குடிக்காத ஓட்டுநரோடு ஒரு வண்டி வாசலில் நிற்கட்டும். அதில் ஏறுபவர் எந்தக் கேள்வியும் கேட்கப்படாமல் வீடு சேரட்டும். உதவி கேட்டவரை மறுநாள் ரோல் காலில் நிறுத்தித் திட்டினால், அடுத்த வாரம் ஒருவரும் உதவி கேட்க மாட்டார்கள். தண்டனை ஓட்டியவருக்குத்தான், ஓட்டாமல் அழைத்தவருக்கு இல்லை என்ற வேறுபாடு சிப்பாய்க்குக் கண்கூடாகத் தெரிய வேண்டும். விருந்து முடிந்து அதிகாரிகளே தங்கள் காரைத் தாங்களே ஓட்டிக்கொண்டு போவதைச் சிப்பாய் பார்த்துக்கொண்டிருந்தால், சைனிக் சம்மேளனில், அதாவது வீரர்களைக் கூட்டி அதிகாரி பேசும் கூட்டத்தில், என்ன பேசினாலும் பயன் இருக்காது.

குடியை நிறுத்த முடியாதவருக்கு

சாவியை மறைப்பது ஓர் இரவுக்கான வழி. காலையில் எழுந்ததும் கை நடுங்கி, அதை அடக்கக் குடிப்பவருக்கும், முந்தைய இரவு நடந்தது நினைவில்லாதவருக்கும், வண்டியில் ஏற்கெனவே ஒன்றிரண்டு முறை விழுந்து எழுந்தவருக்கும் சிகிச்சை வேண்டும். படைவீரர் இதை மறைப்பதற்குக் காரணம் உண்டு. முழு உடல்தகுதியைக் குறிக்கும் ஷேப்-1 மருத்துவத் தகுதி போய் ‘லோ மெடிக்கல்’ என்ற குறைந்த தகுதிக்கு இறங்கிவிடுவோம், பதவி உயர்வு நின்றுவிடும் என்ற அச்சம் அவரை வாய்திறக்க விடுவதில்லை. அந்த அச்சம் முழுக்கத் தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் சிகிச்சை பெற்றுத் தேறியவரின் தகுதி மறுபரிசீலனையில் மீண்டும் உயரலாம். போதையில் ஒருவரைக் கொன்றவருக்கு அந்த வாய்ப்பு இல்லை.

வீட்டார் இங்கே ஒரு தவறைத் தவிர்க்க வேண்டும். பல ஆண்டுகளாகத் தினமும் குடிப்பவரை, விடுப்பில் வந்ததும் வீட்டில் அடைத்துவைத்து ஒரே நாளில் நிறுத்தச் செய்யக் கூடாது. அப்படித் திடீரென நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் வலிப்பும், குழப்பமும், இல்லாதது தெரிவதும் வரலாம், உயிருக்கும் ஆபத்தாகலாம். மருத்துவரின் மேற்பார்வையில்தான் அதைச் செய்ய வேண்டும். பணியில் உள்ளவர்களுக்குச் சென்னையிலும் வெலிங்டனிலும் ராணுவ மருத்துவமனைகள் இருக்கின்றன. ஓய்வு பெற்றவர்கள், முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ்.-இன் பாலிகிளினிக் வழியாகப் போகலாம். போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446. மன நலத்துக்கான டெலி மானஸ் எண் 14416. இரண்டுக்கும் கட்டணம் இல்லை. மனைவியோ தாயோ, அவருக்காகவும் தங்களுக்காகவும், அவர் விடுப்பில் இருக்கும்போதும் அவர் பிரிவுக்குத் திரும்பிய பின்னரும் அழைத்துப் பேசலாம். அழைக்கும் முன்பு, அவர் எத்தனை ஆண்டுகளாக எவ்வளவு குடிக்கிறார், கடைசியாகக் குடித்தது எப்போது, முன்பு எப்போதாவது வலிப்பு வந்ததா, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால் எதிர்முனையில் இருப்பவருக்கு உதவியாக இருக்கும்.